புது ஆல்டர்னேட்டர், ஏறாத பேட்டரி

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் தொடரிணைப்புக் கணக்கு எங்கள் மாணவர்களுக்கு எளிதாகவே வருகிறது. மூன்று மின்தடைகள், ஒரு பேட்டரி. ஒவ்வொரு தடையின் முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு என்று கேட்டால் நோட்டில் சரியான விடை இருக்கும். அதே மாணவரிடம், "இந்த வண்டியில் பேட்டரி ஏன் ஏறவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். "டைனமோ போயிருக்கும் மிஸ்" என்று யோசிக்காமல் பதில் வரும். இரண்டு கேள்விக்கும் ஒரே கணக்குதான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

நான் பணியாற்றுவது ஆம்பூர் வட்டாரத்தில். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பகுதி இது. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. பேச்சில் இன்னும் வேலூர்ப் பக்கம்தான். எங்கள் மாணவர்களின் அம்மாக்களில் பலர் ஷூ கம்பெனிக்கு வேனில் போகிறவர்கள். அப்பாக்களில் பலர் அந்த வேனையோ, தோல் ஏற்றும் வண்டியையோ, ஷேர் ஆட்டோவையோ ஓட்டுகிறவர்கள். தேசிய நெடுஞ்சாலை 48இன் ஓரம் எங்கே பார்த்தாலும் "செல்ஃப், டைனமோ, ஒயரிங்" என்று பலகை மாட்டிய கடை ஒன்று இருக்கும். பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பையன்களில் சிலர் போய்ச் சேர்வதும் அந்தக் கடைகளில்தான். ஆகவே வண்டியின் மின்சுற்று எங்கள் ஊரில் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த விஷயம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து இரண்டாம் பாடவேளைக்குத்தான் வந்துகொண்டிருந்தான். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. அப்பாவின் சிறிய டீசல் சரக்கு வண்டி காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. அவனும் அவன் சித்தப்பாவும் தெருமுனை வரை தள்ளினால்தான் கிளம்பும். சில நாள் வண்டியோடு அவனும் போய்விடுவான். வழியில் நின்றால் தள்ள ஆள் வேண்டுமே. அப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப் பேசினேன். "புது ஆல்டர்னேட்டர் மாட்டி இருபது நாள் ஆகுது டீச்சர். பேட்டரியும் ஆறு மாசத்துப் பேட்டரிதான். மாட்டின கடையில கேட்டா, இது டூப்ளிகேட் சரக்கா இருக்கும், ஒரிஜினல் வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாங்க. இன்னொரு தடவை அவ்வளவு பணத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

பழைய ஆல்டர்னேட்டரை மாற்றுக்குக் கொடுத்தாகிவிட்டது. அது உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. புதியது சரியில்லை என்று சொன்னவர்களும் அதை அளந்து சொல்லவில்லை. பேட்டரி முனையில் மீட்டர் வைத்தார்கள், 12.9 வோல்ட் காட்டியது, அதோடு தீர்ப்பு வந்துவிட்டது. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை வண்டியைப் பள்ளி மைதானத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் வேலை செய்யும் எலக்ட்ரிக்கல் கடையின் உரிமையாளரான பாய், மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டருடன் வந்து உதவினார்.

எந்த எண் குறைவு?

அளக்கும் முன் மாணவர்களுக்குச் சில எண்கள் தெரிய வேண்டியிருந்தது. 12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு கலங்களின் தொடரிணைப்பு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். எனவே முழுதாக ஏறிய பேட்டரி, வண்டி ஓடாமல் ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. பேட்டரிக்குள் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். வழக்கமாக 13.8இலிருந்து 14.4 வோல்ட் வரை. மேட்டுத் தொட்டிக்குக் குழாயில் நீர் ஏற்றுவதைப் போலத்தான். தொட்டியின் உயரத்தைவிடக் கொஞ்சம் மட்டும் கூடுதலான அழுத்தம் இருந்தால் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். 12.9 வோல்ட்டில் அந்த வண்டியின் பேட்டரி ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு நாள் ஓட்டத்தில் இழந்ததை ஈடுகட்டும் அளவுக்கு ஏறவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 13.8 என்பது வேதவாக்கு அல்ல. வெப்பம் கூடினால் பேட்டரிக்குக் குறைந்த அழுத்தமே போதும். அதனால் பல ரெகுலேட்டர்கள் சூடானதும் தாமாகவே அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வேலூர்ச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவந்த வண்டி 13.6 காட்டினால் உடனே பழுது என்று சொல்லிவிட முடியாது. அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் கணினியே தேவைக்கேற்ப அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. அவற்றில் சில நேரம் 12.8 காட்டுவதுகூட இயல்பாக இருக்கலாம். 24 வோல்ட் லாரி, பேருந்துகளுக்கு எல்லா எண்களையும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் பார்த்தது கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய வண்டி.

டைனமோ என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலகையில் டைனமோ என்று எழுதியிருந்தாலும் இன்றைய வண்டிகளில் இருப்பது ஆல்டர்னேட்டர்தான். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இரண்டிலும். பழைய டைனமோவில் மின்சாரம் தரும் கம்பிச்சுருள் சுழலும். அதிலிருந்து கார்பன் பிரஷ் வழியாக மொத்த மின்னோட்டத்தையும் எடுக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் மின்காந்தம் சுழல்கிறது, மின்சாரம் தரும் சுருள்கள் அசையாமல் இருக்கின்றன. மூன்று கட்ட மாறுதிசை மின்னோட்டத்தை ஆறு டயோடுகள் நேர்திசையாக்குகின்றன. சிலிக்கான் டயோடு மலிவான பிறகு, 1960களில் கார்களுக்கு இது பரவலாக வந்தது. நம் மாநிலத்தில் சென்னைப் பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் 1961இல் நிறுவப்பட்டது. வாகனங்களுக்கான ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் அங்கே தயாராகின்றன. நாம் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் வரையும் மின்னியற்றிப் படத்துக்கு உயிருள்ள மாதிரி வேண்டுமானால், கழித்துப்போட்ட ஒரு ஆல்டர்னேட்டரைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிப் பிரித்துக் காட்டலாம். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

மூன்று அளவுகள்

வண்டியை மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். மாணவர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே. இன்ஜின் ஓடும்போது மீட்டர் முனைகளைப் பிடிப்பது பாயும் நானும் மட்டும். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியைகள் துப்பட்டா, முந்தானை, வளையல் மூன்றையும் கவனிக்க வேண்டும். பெல்ட் யாருக்கும் காத்திருக்காது. பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால் தீப்பொறி ஆகாது.

முதலில் இன்ஜின் ஓடாத நிலையில் பேட்டரியை அளந்தோம். 12.2. பிறகு இன்ஜினை ஓட்டி, ஹெட்லைட், வைப்பர், உள்ளே இருந்த மின்விசிறி எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்திப் பிடிக்கச் சொன்னோம். சுமை இல்லாமல் அளப்பதில் பயனில்லை. மின்னோட்டம் குறைவாக இருந்தால் எந்த மோசமான இணைப்பும் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த கம்பியில் கிளாம்ப் மீட்டர் 25 ஆம்பியர் காட்டியது.

முதல் அளவு, பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே: 12.9 வோல்ட். கடையில் பார்த்த அதே எண்.

இரண்டாம் அளவுதான் யாரும் எடுக்காதது. மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்புறமுள்ள பி பிளஸ் போல்ட்டிலும், கறுப்பு முனையை ஆல்டர்னேட்டரின் உடலிலும் வைத்தோம். 14.1 வோல்ட்! மாணவர்கள் கோட்டைத் தாண்டி ஓடிவந்துவிட்டார்கள். திரும்பத் துரத்த வேண்டியதாயிற்று. டூப்ளிகேட் என்று பழி சுமந்த பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. அதன் ரெகுலேட்டர் தன் முனையில் உள்ள அழுத்தத்தை மட்டுமே பார்க்கும் வகை. அங்கே 14.1 இருக்கும்போது, இரண்டு அடி தள்ளி பேட்டரி பட்டினி கிடப்பது அதற்குத் தெரிய வழியில்லை.

14.1இலிருந்து 12.9 போனால் மீதி 1.2. இந்த 1.2 வோல்ட் எங்கே? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். வண்டியின் தூசி படிந்த கதவில் விரலால்தான் எழுதினேன். தொடர்ச்சுற்றில் மொத்த மின்னழுத்தம் பகுதிகளின் கூடுதலுக்குச் சமம். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போக ஒரு வழி, பேட்டரியிலிருந்து திரும்பி வர ஒரு வழி. இந்த இரண்டு வழிகளுக்குள்தான் 1.2 தொலைந்திருக்க வேண்டும்.

மூன்றாம் அளவு இரண்டு பாகம். பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தோம்: 0.3 வோல்ட். தாங்கக்கூடியது. அடுத்து பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் ஆல்டர்னேட்டர் உடலுக்கும் இடையே: 0.9 வோல்ட். கூட்டிப் பார்த்தால் 12.9, 0.3, 0.9 சேர்ந்து 14.1. இவ்வளவு சுத்தமாக எப்போதும் கூடிவராது; அன்று வந்தது. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது என்பது பணிமனைகளில் வழங்கும் கணக்கு. இங்கே அதைப்போல நாலரை மடங்கு.

ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டாள். சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் உடலில் வைத்தபோது மைனஸ் 0.9 என்று வந்தது; இரண்டும் நெகடிவ்தானே, அதற்குள் எப்படி மைனஸ்? வண்டியின் உடல் முழுவதும் "எர்த்", ஆகவே எங்கும் பூஜ்யம் என்றே நாம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். உண்மையில் பேட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து ஆல்டர்னேட்டர் உடலுக்கு 25 ஆம்பியர் ஓடுகிறது. ஓட்டம் இருந்தால் இறக்கமும் இருந்தே தீரும். பேட்டரியின் நெகடிவ் முனை மேடு, ஆல்டர்னேட்டர் உடல் பள்ளம். மைனஸ் குறி அந்தத் திசையைத்தான் சொன்னது. பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்திக்கு அன்று இருபது நிமிடம் ஆனது.

பீப் சத்தம் ஏன் ஏமாற்றும்?

ஓம் விதிப்படி 0.9 வோல்ட்டை 25 ஆம்பியரால் வகுத்தால் 0.036 ஓம். இவ்வளவு சிறிய தடை ஒரு வண்டியையே படுக்கவைக்குமா என்று மாணவர்கள் நம்பவில்லை. செல்ஃப் எடுக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதன் மின்னோட்டமும் இதே எர்த் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். 100ஐ 0.036ஆல் பெருக்கினால் 3.6 வோல்ட் அங்கேயே போய்விடும். பாதி ஏறிய பேட்டரியின் 12 வோல்ட்டில் ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது எட்டு சொச்சம். பேட்டரியின் அகத்தடையையும் கழித்தால் இன்னும் குறையும். ஏற்றும்போதும் திருடுகிறது, எடுக்கும்போதும் திருடுகிறது. காலையில் வண்டி தள்ளப்பட்டதற்கும், இரண்டாம் பாடவேளை வருகைக்கும் இந்த 0.036 ஓம்தான் காரணம். இந்தப் பெருக்கலை வண்டி தள்ளிய மாணவனையே செய்யச் சொன்னேன்.

"நேரா ஓம்ஸ்ல வச்சுப் பார்த்திருக்கலாமே டீச்சர்?" என்று எங்கள் முன்னாள் மாணவர் கேட்டார். இன்ஜினை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அதையும் செய்து பார்த்தோம். பீப் என்று ஒலித்தது. இணைப்பு நன்றாக இருக்கிறது என்று மீட்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டது. காரணம் இரண்டு. சாதாரண மல்டிமீட்டரின் மிகச் சிறிய அளவீட்டு வரம்பு 200 ஓம், அதில் 0.1 ஓமுக்குக் கீழே எதுவும் தெரியாது. மீட்டரின் கம்பிகளை ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.3, 0.4 என்று காட்டும். மேலும் ஓம் அளக்க மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. பின்னல் கம்பியில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு அது போதும். 25 ஆம்பியருக்கு அந்த ஒற்றை இழை போதாது. வண்டி தன் சொந்தச் சுமையை ஓட்டும்போதே வோல்ட்டை அளப்பது, அந்தச் சுமையையே சோதனைக் கருவியாக ஆக்கிக்கொள்வது. எத்தனையோ விலையுயர்ந்த மீட்டர் செய்யாததைச் சில நூறு ரூபாய் மீட்டர் செய்துவிடுகிறது.

பிறகு இன்ஜினை மறுபடி ஓட்டி, 0.9ஐத் துண்டு துண்டாகத் தேடினோம். பேட்டரி முனைக்கும் அதன் கிளாம்ப்புக்கும் இடையே 0.05. கிளாம்ப்பிலிருந்து சேஸ் வரை 0.10. சேஸிலிருந்து, இன்ஜினுக்குப் போகும் செம்புப் பின்னல் பட்டையின் முனை வரை 0.60. பட்டையின் இன்ஜின் பக்கத்தில் 0.05. இன்ஜினிலிருந்து ஆல்டர்னேட்டர் உடல் வரை 0.10. குற்றவாளி ஒரு போல்ட். 0.60ஐ 25ஆல் பெருக்கினால் 15 வாட் வெப்பம் அந்த ஓர் இடத்தில். பாய் கையை அருகே கொண்டுபோனதும் "சுடுது" என்றார். ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு இந்தப் பட்டைதான் முறையான எர்த். அது அறுந்துபோன வண்டிகளில் மின்னோட்டம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளின் உறையே உருகியதைத் தாம் பார்த்திருப்பதாக அவர் சொன்னார்.

உப்பு செய்த வேலை

போல்ட்டைக் கழற்றியபோது கீழே பழுப்பும் பச்சையும் கலந்த பொருக்கு. அப்போதுதான் அந்த வண்டி எதை ஏற்றுகிறது என்று கேட்டேன். உப்பிட்ட பச்சைத்தோல்.

எங்கள் பகுதி ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற மாவட்டத்தாருக்காகச் சொல்கிறேன். உரித்த தோல் நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க, தோலின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு வரை சாதாரண உப்பைத் தடவி அடுக்குவது காலங்காலமாக உள்ள முறை. உப்பு தோலில் உள்ள நீரை வெளியே இழுக்கும். ஈரோடு, சென்னைப் பெரியமேடு போன்ற இடங்களிலிருந்து வரும் லோடுகளில் வழியெல்லாம் உப்புநீர் சொட்டும். அது தளப்பலகை இடுக்கு வழியாக இறங்கி நேரே சேஸ் மேல்தான் விழும். எஃகுச் சேஸ், செம்புப் பட்டை, இரண்டுக்கும் நடுவே உப்புக்கரைசல். இரண்டு வேறு உலோகங்களும் ஒரு மின்பகுளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் வேதியியல் பாடத்தில் நடத்துகிறோம். இரும்பு அரிக்கிறது, துரு மின்சாரத்தைக் கடத்தாது. சுண்ணாம்புத் தொட்டிகளில் சோடியம் சல்பைடு பயன்படுவதால், தொழிற்சாலை வளாகத்தில் நிற்கும் வண்டிகளின் செம்பு இணைப்புகள் கறுத்துப்போவதும் உண்டு. பாலாற்று நீரைப் பற்றிப் பேசும்போது மட்டும் நமக்கு நினைவுக்கு வரும் அந்த உப்பு, இங்கே ஒரு ஓட்டுநரின் பையிலும் கை வைத்துவிட்டது.

சேஸில் அந்த இடத்தை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டையும் பல் வாஷரும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார் பாய். கிரீஸை இறுக்கிய பிறகுதான் பூச வேண்டும். அது காற்றும் ஈரமும் புகாமல் காக்கும் மூடி. பாசிட்டிவ் பக்க முனையையும் சுத்தம் செய்தார். மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தோம். ஆல்டர்னேட்டரில் 14.1, பாசிட்டிவ் வழியில் 0.2, எர்த் வழியில் 0.1, பேட்டரியில் 13.8. பேட்டரியை மட்டும் கழற்றி, கடையில் ஓர் இரவு சார்ஜ் போட்டுக் கொடுத்தார். அடி வரை இறங்கிய பேட்டரியை ஏற்றும் வேலையை ஆல்டர்னேட்டர் தலையில் கட்டக் கூடாது. அதுவே புதியதைச் சூடாக்கிக் கெடுக்கும்.

வேறு காரணங்களும் உண்டு

எல்லா வண்டிக்கும் எர்த் பட்டைதான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பி பிளஸிலேயே அழுத்தம் குறைவாக இருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. முதலில் பெல்ட். தளர்ந்திருந்தால், அல்லது பளபளவென்று தேய்ந்திருந்தால் சுமை ஏறும்போது வழுக்கும். கீச்சுச் சத்தம் வரலாம், வராமலும் இருக்கலாம். அடுத்து புல்லி. மாற்று ஆல்டர்னேட்டர் பழையதைவிடப் பெரிய புல்லியோடு வந்திருந்தால் அது மெதுவாகச் சுற்றும். நின்ற இடத்தில் குறைவாகவும் வேகத்தில் சரியாகவும் காட்டும். இரண்டு விட்டங்களையும் ஸ்கேலால் அளந்து சுழற்சி விகிதம் காண்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளால்கூட முடிகிற கணக்கு.

மீட்டர் பலகையில் உள்ள சிவப்புப் பேட்டரி விளக்கும் வெறும் அலங்காரம் அல்ல. பல வண்டிகளில் அந்தச் சிறு பல்பு வழியாக வரும் மின்னோட்டம்தான் சுழலும் மின்காந்தத்துக்கு முதல் உயிர் கொடுக்கிறது. பல்பு எரிந்துபோனாலோ, யாரேனும் அழகுக்காக எல்.இ.டி. மாட்டிவிட்டாலோ, இன்ஜினை ஓங்கி முறுக்கும்வரை ஆல்டர்னேட்டர் விழிக்காது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எந்தக் கருவியும் வேண்டாத சோதனை.

ஆறு டயோடுகளில் ஒன்று போனால் வெளியீடு குறையும், அலையும் கூடும். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பி பிளஸில் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஆனால் மலிவான மீட்டர்கள் சிலவற்றில் ஏ.சி. வரம்பில் டி.சி.யை அளந்தாலே 28, 30 என்று பொய் எண் வரும். முனைகளை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் வரும். உங்கள் பள்ளி மீட்டர் அப்படிப்பட்டதா என்று ஒரு சாதாரண 9 வோல்ட் பேட்டரியில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பணிமனைகளில் இன்னும் நடக்கும் இரண்டு பழக்கங்களைப் பற்றி மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது. டைனமோ காலத்தில் அது பெரிய கேடில்லை. ஆல்டர்னேட்டரில் பேட்டரி திடீரென்று விலகினால் அழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடலாம். மற்றொன்று, பி பிளஸ் கம்பியை உடலில் உரசித் தீப்பொறி பார்ப்பது. நல்ல ஆல்டர்னேட்டரைச் சோதனை செய்தே சாகடிக்கும் வழிகள் இவை. நம் மாணவர் ஒருவர் கடையில் இதைத் தடுத்தால் முதலாளி கோபித்துக்கொள்வாரோ என்று எனக்கும் தயக்கம் உண்டு. பாய் போன்றவர்களை அழைத்துவந்து அவர்கள் வாயால் சொல்ல வைப்பது நல்லது.

வண்டி கிடைக்காத பள்ளிகள் இதை மேசையிலேயே செய்யலாம். ஒரு 12 வோல்ட் பேட்டரி, 55 வாட் ஹெட்லைட் பல்பு, நடுவே துருப்பிடித்த ஆணியால் ஓர் இணைப்பு. பல்பு மங்கும். பேட்டரியில் வோல்ட், பல்பில் வோல்ட், ஆணியின் இருபுறமும் வோல்ட் மூன்றையும் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். பிறகு அதே ஆணியை ஓம் வரம்பில் அளக்கச் சொல்லுங்கள். பல்பு நன்றாகச் சுடும், கண்ணாடியைத் தொடவிடாதீர்கள். தொடக்க வகுப்புகளுக்கு டார்ச் விளக்கின் ஸ்பிரிங்கில் நகப்பூச்சு தடவியும், பின் அதைச் சுரண்டியும் காட்டினாலே போதும்.

எங்கள் வகுப்பில் இப்போது இதற்கென்று ஒரு நீண்ட நோட்டு இருக்கிறது. தேதி, ஓய்வில் பேட்டரி, சுமையோடு பேட்டரி, ஆல்டர்னேட்டர், பாசிட்டிவ் இழப்பு, எர்த் இழப்பு என்று ஆறு பத்திகள். அதில் இரண்டாவதாகப் பதிவான வண்டி ஒரு மாணவியின் மாமாவுடைய ஷேர் ஆட்டோ. அதிலும் மாற்று ஆல்டர்னேட்டர்தான். மாணவர்கள் நேரே எர்த் பட்டையைத் தேடிப் போனார்கள். ஆனால் எர்த் இழப்பு 0.1, பாசிட்டிவ் இழப்பு 0.1, பெல்ட்டும் இறுக்கம். பி பிளஸிலேயே சுமையோடு 12.8தான். பாயின் மீட்டரில் ஏ.சி. 1.1 வோல்ட் காட்டியது. இந்த முறை பொருளிலேயே குறை. உத்தரவாதக் காலம் முடிய ஒன்பது நாள் இருந்தது. வாங்கிய கடையில் அதை மாற்றிக் கொடுத்தார்கள். அவர் கையில் கொண்டுபோன தாளில் அந்த எண்கள் அனைத்தும், அளந்த தேதியும், மாணவியின் கையெழுத்தில் இருந்தன.